ஆர் ஆற்றங்கரையில் ஒன்பது நாட்கள்

நூற்றிரண்டு டிகிரி வெயிலில், கழுத்தில் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வாஞ்சிநாதன் ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரமாக நின்றிருந்தார். பின்னால் கொடிகள். கொடிகளுக்குப் பின்னால் மொகலம்னி ஆறு, போனால் போகிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஊர் லோடை. சான் பிரான்சிஸ்கோ பக்கம் ப்ளசன்டனில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

"குளிர்ற மாதிரி நில்லுங்க," என்றாள் ஜலஜா, ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி.

"அப்படித்தான நிக்கறேன்."

"வேர்க்குது. மூஞ்சியத் தொடைங்க. ஜெர்மனில இப்படி வேர்க்காது."

அவர் துடைத்துக்கொண்டார். அவள் எடுத்தாள். படத்தில் அவர் ஏதோ ஜுரம் கண்டவர் மாதிரி இருந்தார். ஐரோப்பாவில் எடுத்த படங்களில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

வேலை போனது ஜூன் இருபது, வெள்ளிக்கிழமை காலை, பதினோரு நிமிட வீடியோ காலில். ஜெர்மனிக்கு விமானம் அடுத்த புதன்கிழமை. எச்-ஒன் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. அதற்குள் வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இருபது வருஷத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அந்த அறுபது நாளில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். க்ரீன் கார்டு க்யூவில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவர் அந்தச் சந்தேகத்தோடு விளையாட முடியாது. ஆகவே டிக்கெட் கேன்சல்.

டிக்கெட்தான் கேன்சல். பயணத்தை கேன்சல் செய்ய வாஞ்சிநாதனுக்கு மனசு வரவில்லை.

காரணம், வட்டம். 'கிழக்கு வளைகுடா தமிழ் ஒயின் வட்டம்' என்பது முழுப்பெயர். ஏழு தம்பதிகள். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கிளாஸைச் சுழற்றி, மோந்து பார்த்து, ஆளுக்குக் குறைந்தது இரண்டு வாசனையாவது சொல்ல வேண்டும் என்பது விதி. பழைய தோல், ஈரக்கல், பென்சில் சீவல் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்கள். அந்தத் தயிர் சாதத்தைப் பற்றி மட்டும் யாரும் குறிப்பு எழுதியது கிடையாது. பெரும்பாலும் அது ஜலஜா பிசைந்தது. அவள் குடிப்பதில்லை. காரை ஓட்டிக்கொண்டு போக யாராவது வேண்டுமே.

வட்டத்தைத் தொடங்கியவர் வாஞ்சிநாதன். ஒரு வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு, கல்லூரிப் பட்டத்துக்கு மேலே மாட்டியிருந்தார். வருஷத்துக்கு ஒருவர் ஒயின் விளையும் ஊர் ஒன்றுக்குப் போய்வந்து ஸ்லைடு போட்டுப் பேசுவதும் அவர் கொண்டுவந்த வழக்கம்தான். போர்தோ ஆகிவிட்டது. டஸ்கனி இரண்டு முறை. மோசல் போன வருஷம். இனிமேல் பெயர் தெரிந்த இடத்துக்குப் போவது டூரிஸ்ட் வேலை என்ற நிலைக்கு வட்டம் உயர்ந்திருந்தபோதுதான் வாஞ்சிநாதன் 'ஆர்' என்ற ஆற்றைக் கண்டுபிடித்தார். ரைன் நதியில் போய் விழும் சின்ன ஆறு. இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவில் திராட்சை. ஜெர்மனி என்றால் வெள்ளை ஒயின்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைத் திருத்த வசதியாக, அங்கே விளைவது சிவப்பு. இதைவிட ஒருவருக்கு என்ன வேண்டும்? மூன்று மாதமாக வாட்ஸாப் குழுவில் தினமும், இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசாம சொல்லிடலாங்க," என்று ஜலஜா அந்த வெள்ளிக்கிழமையே சொன்னாள். "நம்ம வட்டத்துல நவநீத் டைரக்டர்தான? அவர்கிட்ட சொன்னா ரெஃபர் பண்ண மாட்டாரா?"

"உனக்கு கார்ப்பரேட் புரியாது. வேலைல இருக்கறவனுக்குத்தான் வேலை குடுப்பாங்க. வேலை போனவன்னு தெரிஞ்சா, 'ஷ்யூர் வாஞ்சி, லெட்ஸ் கேட்ச் அப்'ம்பான். அந்த கேட்ச் அப் இந்த ஜென்மத்துல வராது."

போன வருஷம் வேலை போன இரண்டு பேரிடம் இதே வாக்கியத்தை அவரே சொல்லியிருந்தார். அனுபவத்தில் பேசினார்.

"அப்ப எப்படித்தான் கேக்கப் போறீங்க?"

"தேவையே இல்லாதவன் மாதிரி கேக்கணும். ஜெர்மனி போய்ட்டு வந்தவன், ஜாலியா, பை தி வே உங்க பக்கம் எதாவது இன்ட்ரஸ்டிங்கா இருந்தா சொல்லுங்க நவநீத்னு. அப்படிக் கேட்டாத்தான் கிடைக்கும்."

வீட்டிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் ஒளிந்திருக்கலாம்தான். ஆனால் ப்ளசன்டனில் குப்பைத் தொட்டி வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தே ஆள் ஊரில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். கறிவேப்பிலை வாங்கப் போனால் இரண்டு பேர், லிவர்மோர் கோயிலுக்குப் போனால் இருபது பேர். லோடையில் மோட்டல் ரூம் போட்டது அதனால்தான். அங்கேயும் திராட்சை இருந்தது, ஆறு இருந்தது. ஒயினுக்குப் பேர்போன நாப்பா பக்கம் போகிறவர்கள் அந்த ஊரைச் சீந்துவதில்லை. வட்டமும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரைப் பற்றி ஸ்லைடு போட முடியாது.

ஒன்பது நாளும் ஒரே மாதிரிதான். முதலில் வெயிலில் மஃப்ளர், படங்கள். பிறகு அவர் கட்டில் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அப்ளை பண்ணுவார். நாற்பத்தேழு வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போடும் கோடிங் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார். விடை தப்பு என்று திரை சொல்லும். அவர் திரையைத் திட்டுவார். ஜலஜா பாத்ரூம் பிளக்கில் ரைஸ் குக்கரைச் சொருகி, புகை அலாரம் அடிக்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே நின்று சாதம் வைப்பாள்.

ஆஸ்டினில் படிக்கும் மகள் அஞ்சனாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கப் பிரஜை. குடும்பத்தில் யாராலும் துரத்த முடியாத ஒரே ஆள்.

"அப்பா, திஸ் இஸ் ஸோ ஸேட். ஜஸ்ட் டெல் தெம்," என்றாள் ஃபோனில்.

"நீ சும்மா இரும்மா. இதெல்லாம் ஸ்ட்ராட்டஜி."

"ஃபைன். தென் அட்லீஸ்ட் டர்ன் ஆஃப் தி லொகேஷன் ஆன் தி ஃபோட்டோஸ்."

அவர் உடனே ஆஃப் பண்ணினார்.

ஏழாவது நாள் சாயங்காலம், ஸ்லைடுக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தவர், "அட," என்றார். 2021 ஜூலையில் அந்த ஆற்றில் வெள்ளம் வந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் ஊர் ஊராக அடித்துக்கொண்டு போய், நூற்று முப்பது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவர் வாய்விட்டுப் படித்தார். ஜலஜா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைப்பதாக நினைத்து, போட்டிருந்த டி-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத ஸ்லைடுல போடுவீங்களா?"

"வேணாம். மூட் போயிடும்."

ஜூலை பத்தொன்பது, சனிக்கிழமை மாலை நாலு மணி. நவநீத் வீட்டு ஹாலில் வட்டம் கூடியது. கெடுவில் இன்னும் முப்பத்தொரு நாள் பாக்கி.

எழுபத்தைந்து அங்குல டீவியில் முதல் ஸ்லைடு விழுந்தது: 'ஆர்: யாரும் அறியாத ஆறு'. வாஞ்சிநாதன் சந்தன நிற ஜாக்கெட்டில் இருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கடையில் தேடிப் பிடித்த ஒற்றை பாட்டில் மேஜை நடுவில் நின்றது. சின்னத் தோட்டத்துக்காரர், கெஞ்சி ஒன்றே ஒன்று வாங்கி வந்தோம் என்று சொல்வதாக ஏற்பாடு.

"ஆர் ஆறுங்களா?" என்றார் மணியன். ஈரோட்டுக்காரர், வட்டத்தில் வயதில் மூத்தவர். "எங்கூர்ல ஆருன்னா யாருன்னு அர்த்தமுங்க. ஆரு ஆறுன்னு கேட்டா, யாரோட ஆறுன்னு சண்டைக்கு வந்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வாஞ்சிநாதனும் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, கற்பலகை மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும் கல். சரிவின் கோணம். திராட்சையின் பெயர் ஷ்பேட்பர்குண்டர். அவர் அதை மூன்று முறை சொன்னார், மூன்று விதமாக. படங்களில் சரிவே இல்லையே, தரை மட்டமாக அல்லவா இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வட்டத்தில் அதுவரை யாரும் எந்தப் படத்திலும் பின்னணியைப் பார்த்ததில்லை. போயிருக்கிறார்களா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

கேள்வி நேரம் வந்தது. மண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்றாள் நவநீத்தின் மனைவி ஹம்சா.

கேள்வி ஜலஜாவிடம் வந்தது. இது வரும் என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்வதில் அவள் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நடந்ததை நடந்தபடியே சொல்வது, ஊரை மட்டும் மாற்றிவிடுவது.

"ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போயிட்டோம். பாத்ரூம்லதான் பிளக் இருந்துச்சு. கதவச் சாத்திட்டு உள்ளயே நின்னு வச்சேன்."

"அய்யோ, ஐரோப்பால இதே கதைதான்! எங்களுக்கு டஸ்கனில அலாரமே அடிச்சிடுச்சு. தயிர்?"

"கடைல கிடைச்சுது. கொஞ்சம் புளிப்பு."

"ரூம் சுத்தமா இருந்துச்சுங்களா?" என்றார் மணியன்.

"சுமாருங்க. ஏசி ரொம்ப சத்தம்."

"பாருங்க, ஜெர்மன்காரன் கார் மட்டும் சத்தமில்லாம பண்றான்."

ஆமோதிப்பாகத் தலைகள் ஆடின. பாட்டிலைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார்கள். நவநீத் கண்ணை மூடிக்கொண்டு, "ஃபாரஸ்ட் ஃப்ளோர்," என்றார். மணியன் எந்த ஒயினுக்கும் சொல்வது போல, "மழை பேஞ்ச மண்ணு," என்றார். ஜலஜாவுக்கு இடுப்பு வலித்தது. எப்போது தயிர் சாதத்துக்கு எழுந்திருப்பார்கள் என்று இருந்தது.

வாஞ்சிநாதன் சரியான தருணத்துக்குக் காத்திருந்தவர் போலத் தொண்டையைச் செருமினார். அதற்குள் நவநீத்தே அவர் தோளில் கை போட்டார்.

"வாஞ்சி, உங்க எனர்ஜியே தனி. சொல்லணும்னு இருந்தேன், எங்க சைடுல ஒரு ரோல் ஓபன் ஆகுது. உங்கள மாதிரி ஒருத்தர்தான் வேணும். நீங்க இப்ப நகர மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"ஷ்யூர், ஐயம் ஓபன்," என்றார் வாஞ்சிநாதன், தேவையே இல்லாதவர் மாதிரி. கிளாஸைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததை ஜலஜா மட்டும் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது.

"ஜலஜா, ஒண்ணு கேக்கணும்."

சோஃபா ஓரத்திலிருந்து சாந்தி. வட்டத்துக்குப் புதிது. கணவர் வேலையாக டாலஸ் போயிருந்ததால் தனியாக வந்திருந்தாள். இதுவரை ஒரு வாசனையும் சொன்னதில்லை.

"அங்க இருபத்தொண்ணுல பெரிய வெள்ளம் வந்துச்சில்ல? நியூஸ்ல பாத்து ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்ல. சுவத்துலயெல்லாம் அந்தக் கோடு இன்னும் இருக்கா?"

"எந்தக் கோடு?" என்றாள் ஹம்சா.

"தண்ணி நின்ன கோடு. முடிச்சூர்ல எங்க வீட்டுல பதினஞ்சுல வந்தது இன்னும் இருக்கு. என் நெஞ்சு உயரம். அப்பா வீடு பூரா பெயின்ட் அடிப்பாரு, அந்தச் சுவத்த மட்டும் தொட விடமாட்டாரு. பக்கத்து வீட்டு அங்கிள் அந்தத் தண்ணிலதான் போனாரு." அவள் ஜலஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயும் ஜனங்க அப்படி வச்சிருக்காங்களா? அதப் பத்தி உங்ககிட்ட பேசினாங்களா?"

"வெரி ரெசிலியன்ட் பீப்பிள், சாந்தி," என்று வாஞ்சிநாதன் குறுக்கே வந்தார். "எல்லாத்தையும் சூப்பரா ரீபில்ட் பண்ணிட்டாங்க. இப்பப் போனா வெள்ளம் வந்த மாதிரியே தெரியாது."

"அப்ப கோடு இல்லையா?" என்று சாந்தி ஜலஜாவிடம்தான் கேட்டாள்.

ஜலஜா வழக்கம்போல லோடையில் தேடினாள். மோட்டல் சுவரில் ஏசி தண்ணீர் வடிந்த கறை ஒன்று இருந்தது. அதைச் சொல்லலாம். இடுப்பு உயரம் என்று சொல்லலாம். வீட்டுக்காரம்மா அதைக் காட்டி அழுதாள் என்றுகூடச் சொல்லலாம், சாந்தி நம்புவாள். ஊருக்கு ஃபோன் போட்டு அப்பாவிடமும் சொல்வாள். அங்கே ஜெர்மனியிலும் சுவரை அப்படியேதான் வைத்திருக்கிறார்களாம்ப்பா என்று.

"தெரியாது சாந்தி," என்றாள் ஜலஜா. "நாங்க அங்க போகவே இல்ல."

மணியன்தான் முதலில் சிரித்தார். "ஜோக்குங்களா?"

"இல்லீங்க. லோடைல ஒரு மோட்டல்ல இருந்தோம். இவருக்கு ஜூன் இருபதாம் தேதியே வேலை போயிடுச்சு."

டீவியில் வாஞ்சிநாதன் மஃப்ளரோடு நின்றுகொண்டிருந்தார். ஜாக்கெட்டில் இருந்த வாஞ்சிநாதன் உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மணியன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னும் எச்-ஒன்னுங்களா?"

வாஞ்சிநாதன் தலையசைத்தார்.

"அப்ப ஒரு மாசம் போயிருச்சுங்களே! க்ரீன் கார்டு மனு ஐ-140 அப்ரூவ் ஆச்சுங்களா? ஆச்சுன்னா க்யூல இடம் போகாதுங்க, பயப்படாதீங்க. கெடு முடியறதுக்குள்ள விசிட்டர் விசாவுக்கு மாத்தப் போட்டா இருந்துக்கலாம்."

"விசிட்டர்க்கு மாத்திட்டா திரும்ப எச்-ஒன்னுக்கு வர்றது ரிஸ்க் அங்கிள்," என்றாள் ஹம்சா. "எங்க அண்ணாவுக்கு அதுலதான் மாட்டுச்சு. ஜலஜா, உனக்கு எச்-ஃபோர்ல வேலைக்கு பர்மிட் இருக்கா?"

"அதுவும் இவர் விசாவப் புடிச்சுத் தொங்கிட்டுத்தான் இருக்கு."

"எங்க லாயரம்மா சனிக்கிழமையும் ஃபோன் எடுப்பாங்க."

"அந்தம்மாவா? வேணாம். அவங்க ஃபார்ம்ல தேதிய மாத்திப் போட்டு எங்களுக்கு எட்டு மாசம் போச்சு."

ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். மறுத்தவரை மூன்றாமவர் தேதியோடு திருத்தினார். ஒயினில் பென்சில் சீவலுக்கும் பழைய தோலுக்கும் வித்தியாசம் தெரியாத மூக்குகள், இப்போது ஒரு படிவத்தின் வாடையை வைத்தே அது எந்த வருஷத்து விதி, எந்த அலுவலகத்தில் போட்டது, எத்தனை மாதம் ஊறும் என்று சொல்லின. ஏழு வருஷத்தில் வட்டம் இவ்வளவு நுட்பமாகச் சுவைத்ததில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

நவநீத் மட்டும் ஜன்னல் பக்கம் போய் நின்றிருந்தார்.

"நவநீத், அந்த ரோல்…" என்றாள் ஜலஜா. இனி கேட்கக் கூச்சப்பட என்ன இருக்கிறது.

"ஆக்சுவலா அது இன்னும் அப்ரூவ் ஆகல ஜலஜா. ஹெட் கவுன்ட் ஃப்ரீஸ் மாதிரி ஏதோ பேச்சு. நான் செக் பண்ணிட்டு—"

"பத்து நிமிஷம் முன்னாடி ஓபன்னு சொன்னீங்க," என்றாள் ஹம்சா.

"அது வேற கான்டெக்ஸ்ட்."

"என்ன கான்டெக்ஸ்ட்? அவருக்கு வேலை இருந்தா ரோல் ஓபன், வேலை போனா ரோல் க்ளோஸா? போய் லேப்டாப் எடுத்துட்டு வாங்க."

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு டைரக்டர் எவ்வளவு வேகமாக மாடிப்படி ஏற முடியுமோ அவ்வளவு வேகமாக நவநீத் ஏறினார்.

திராட்சைத் தோட்டம் டீவியிலிருந்து போனது. வாஞ்சிநாதனின் ரெஸ்யூமே வந்தது. எழுபத்தைந்து அங்குலத்தில் இரண்டு பக்கம். கல்லூரி முடித்த வருஷத்தை எடுத்துவிடச் சொன்னார்கள், வயசு தெரிகிறதாம். 'பேஷனேட்' என்ற சொல் நாலு இடத்தில் வந்ததை எடுத்தார்கள். 'ஒயின் எஜுகேட்டர்' என்று கடைசியில் இருந்த வரிக்கு வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "அத நானே எடுத்துடறேன்," என்றார் வாஞ்சிநாதன்.

ஜலஜா சாந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன்கிட்ட சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "படிச்சோம். நூத்து முப்பது பேருக்கு மேலன்னு போட்டிருந்துச்சு. வேணாம்னு எடுத்துட்டோம்."

சாந்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நவநீத் ரெஃபரல் படிவத்தைத் திறந்து நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் கர்சர் நின்றது. 'தற்போது பணியில் இருக்கிறாரா? ஆம் / இல்லை.'

"ஆம்னே போட்டுடறேன் வாஞ்சி," என்றார் தாழ்ந்த குரலில். "லிங்க்ட்இன்ல இன்னும் அப்படித்தான இருக்கு. அப்பத்தான் ஃபில்டர்ல தங்கும். இல்லன்னா மேல போறதே கஷ்டம்."

ஒரு மாதமாக அவர் கட்டிக் காத்தது அந்த ஒரு சொல்தான். வாஞ்சிநாதன் டீவியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இனி இன்னொரு ஊரை மாற்றிச் சொல்ல அவளால் முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இல்லைன்னு போடுங்க," என்றார். குரலில் வீரம் எதுவும் இல்லை. படுக்கப் போகிறவர் விளக்கை அணைக்கச் சொல்வது போல இருந்தது.

நவநீத் அழுத்தினார். படிவம் அடுத்த கேள்விக்குப் போனது. 'இவருடைய வேலையை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?'

நவநீத் தயங்கினார்.

"இப்பதானுங்களே முக்கா மணி நேரம் பாத்தோம்," என்றார் மணியன்.

முதலில் சிரித்தது ஜலஜா. அவள் சிரித்ததும் மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆயிற்று. வாஞ்சிநாதன் சிரிக்கவில்லை. எழுந்து டீவியருகே போய், ஏழு வருஷ நண்பர் இங்கிலீஷில் அடித்திருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு எச் விட்டுப்போச்சு நவநீத்," என்றார்.